கடைசிப் பாட்டின் மீதி

எடிசன், நியூ ஜெர்சி, அக்டோபர் 1986, வெள்ளி இரவு

இன்று ஆபீஸில் லஞ்ச் முழுக்க நான் மெட்ராஸிலிருந்தே கேட்கும் ராக் பேண்டின் புது ஆல்பம்தான் பேச்சு. ஆளுக்கொரு பாட்டைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போன ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு எதுவும் ஈடாகாது, வரி முடியும் முன்பே சட்டென்று நிறுத்துகிறார்களே, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்றேன்.

மேஜையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து சீட் கிரெக் சிரித்திருந்தாலாவது தேவலை. கூட வேலை பார்க்கும் செல்வம்தான் தமிழில் மெதுவாகச் சொன்னான்: "டேய், பாட்டு அங்க முடியலடா. உன் கேசட்தான் முடிஞ்சிருக்கு."

மெட்ராஸில் கடையில் வெறும் கேசட்டைக் கொடுத்துப் பதிந்து வாங்கியது. டேப் தீர்ந்த இடத்தில் பாட்டும் தீர்ந்திருக்கிறது. அந்த வெட்டுக்கு நானும் முரளியும் ஹாஸ்டல் மொட்டைமாடியில் எத்தனை அர்த்தம் சொல்லியிருப்போம்! பாடுகிறவன் செத்துவிட்டான் என்பான் அவன். இல்லை, வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான் என்பேன் நான். விசாவுக்கு அப்ளை பண்ணிய நாட்களில் தினமும் அதைத்தான் கேட்டேன்.

சாயங்காலம் கிரெக் அந்தப் போன ஆல்பத்தின் தன் ரெக்கார்டையே கொடுத்தான். முழுசாகக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்லணுமாம்.

பிளேயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் வரும்போது இரண்டு தடவை ஊசியைத் தூக்கிவிட்டேன். பாட்டு எப்படி முடிகிறது என்று செல்வத்துக்கு போன் பண்ணிக் கேட்கலாம். வேண்டாம், சொல்லிவிடுவான்.

மீதிப் பாட்டில் அந்தப் பாடுகிறவன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால்?