சுகு கேட்ட கறுப்பு

என் செல்லத் தம்பி சுகுவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடும்மா, உள்ளயே வச்சிருக்காத லா" என்றார். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்திருப்பதற்கு? சாப்பிடுகிறேன். சுபாங் ஜெயாவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். துணி காயப்போடுகிறேன். அவ்வளவுதான்.

உன் காரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன வாரம் கார் பழுது பார்க்கும் போர்மேன் மணியண்ணன் போனில் கூப்பிட்டார். கிள்ளான் பட்டறையில் அது இன்னும் என்ஜின் இல்லாமல் வாயைத் திறந்தபடி நிற்கிறதாம். வரும் சனிக்கிழமை என்ஜினை உள்ளே இறக்கப் போகிறார். இறக்கிவிட்டால் அப்புறம் கை நுழையாது, அதற்குள் என்ஜின் உட்காரும் அந்தக் குழிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாக வேண்டும் என்றார். "எந்தக் கறுப்புன்னு தம்பி கடைசி வரைக்கும் சொல்லலம்மா. அக்காவக் கேட்டுச் சொல்றேன்னான்."

கேட்டாய். பிஸ்கட் டின் மூடியில் மூன்று கறுப்புப் பட்டைகளை அடித்து, படம் எடுத்து அனுப்பினாய். 'அக்கா, எது?' நான் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தேன். 'எல்லாம் கறுப்புதானே. பானெட்ட மூடினா யாரு பாக்கப் போறா?' என்று எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை தெலுக் பங்லிமா காராங்கில், உன் தொழிற்சாலை வாசலில் நீ சரிந்து விழுந்தாய்; எழவேயில்லை. சட்டை, திரைச்சீலை, நண்பன் கல்யாணத்துக்குப் பரிசு என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்லியிருக்கிறேனே, சுகு. அன்றைக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

செவ்வாய்க்கிழமை நானே கடைக்குப் போனேன். என்ஜின் என்றால் சூடு என்று நினைத்து, அதிகச் சூடு தாங்கும் கறுப்பில் நான்கு ஸ்ப்ரே டின் வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மணியண்ணன் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது புகை போற பைப்புக்கு அடிக்கிறதும்மா. நல்லா சூடேறினாத்தான் இறுகும். இங்க அடிச்சா பிசுபிசுன்னு நிக்கும். யுனிவர்சிட்டியில இதச் சொல்லித் தரலயா?"

நீ இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வருஷம் ஓட்டியிருப்பாய்.

அலமாரியிலிருந்து உன் டின் மூடியை எடுத்துத் தந்தார். வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். போனில் ஒன்றுபோல இருந்தவை மூன்றும் வேறு வேறாக இருந்தன. ஒன்று கரும்பலகைபோல வெளிச்சத்தை விழுங்கியது. ஒன்றில் என் முகம் தெரிந்தது. மற்றது இரண்டுக்கும் நடுவில். மங்கலில் எண்ணெய் பட்டால் கறை போகாது, பளபளப்பான குளோஸ் எல்லாக் குறையையும் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் நடுவிலுள்ளதே நல்லது என்றார் அவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையாட்டினேன்.

அப்போது அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குழிக்குள் குனிந்தார். நீ அடித்திருந்த சாம்பல் நிறப் பிரைமர் அடிப்பூச்சில், வலப்பக்க மேல் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். "இங்க பாரு, காயுறதுக்குள்ள கைய வச்சிட்டான். பொறுமையே கெடையாது இவனுக்கு. தேய்ச்சு எடுத்துடறேன்."

உன் கட்டைவிரல், சுகு. ரேகை ரேகையாக, கொஞ்சம் வழுக்கிய மாதிரி.

"தேய்க்காதீங்கண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தேய்க்காம விட்டா, குளோஸ்லன்னா அப்படியே தெரியும்மா."

"அப்ப குளோஸே அடிங்க."

அவர் உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அப்போதும் அழவில்லை. கடைக்குத் திரும்பிப் போய் டின்களை மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த இடத்துக்கு மட்டும் நானே அடித்தேன். ஒரே மூச்சில் அடித்தால் வழிந்து ரேகை நிரம்பிவிடும் என்றார். மெல்லிசாக, காயவிட்டு, மறுபடி மெல்லிசாக. நீ காத்திருக்காத நேரத்தையெல்லாம் நான் காத்திருந்தேன். மூன்றாவது பூச்சு காய்ந்ததும் குழாய் விளக்கைச் சாய்த்துப் பார்த்தோம். இருக்கிறது.

நாளை என்ஜின் இறங்குகிறது. பளபளப்பில் தூசி உடனே தெரியுமாம், அடிக்கடி துடைக்க வேண்டுமாம். ஞாயிறுதோறும் பானெட்டைத் திறப்பேன். மெத்தென்ற துணியால், அந்த இடத்தில் அழுத்தாமல் துடைப்பேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இனி யாரிடமும் கேட்கமாட்டேன். நான் பார்ப்பேன்.

பதில் சொல்லத் தாமதித்த,
உன் அக்கா