டைனமோ நின்ற நேரம்

1996 மாசி, செவ்வாய் இரவு. உடையார்கட்டு.

பின்னேரம் என் கணவர் வழக்கம்போல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினார். பற்றரி இல்லாத இந்த ஊரில் டைனமோ சுற்றினால்தான் ரேடியோ பாடும்.

கொழும்பு வானொலியில் நேயர் விருப்பம். யாழ்ப்பாணத்தில் இதே நேரம் எங்கள் ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு, ஒரே பாட்டுக் கேட்கும். ரியூசன் முடிந்து வரும்போது ஒரு வரிகூடத் தவறாமல் வீடு வந்து சேரலாம்.

அது முடிந்தால் மரண அறிவித்தல். இடம்பெயர்ந்து வந்த பிறகு நாங்கள் அதைக் கேட்பதில்லை; பாட்டு முடிந்ததும் அவர் கையை எடுத்துவிடுவார். இன்றும் எடுத்தார். சக்கரம் ஓயும் நேரத்தில் அறிவிப்பாளர் எங்கள் ஒழுங்கையைச் சொன்னார். ஆளின் பெயர் வருமுன் குரல் அடங்கிவிட்டது.

"சுத்துங்கோ, சுத்துங்கோ!" என்று கத்தினேன். சுற்றினார். அதற்குள் வேறு யாரோ, வேறு ஊர்.

"நாளைக்கும் சொல்லுவினம்," என்றார்.

ஊரே இடம்பெயர்ந்தபோது எங்கள் ஒழுங்கையில் வரமாட்டேன் என்று நின்றவர்கள் இரண்டு பேர்தான். அம்மா, எதிர்வீட்டு மாஸ்டர்.

ரேடியோ சொன்ன ஆள் மாஸ்டராக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு கிடக்கிறேன். எனக்கு எழுதப் பழக்கியவர் அவர்.