அடைக்காத துளைகள்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இங்கே சின்னச் சண்டை, கவலை வேண்டாம். மின்கருவிப் பெட்டி எவ்வளவு சூடாகும் என்று கணினியில் பார்ப்பது என் வேலை. கணக்கு சீக்கிரம் முடிய, வரைபடத்தில் திருகு, பெட்டிமேல் பொறித்த எழுத்து போன்ற பொடிசுகளை அழிப்போம். மேலாளர் சூடு வெளியேறும் காற்றுத் துளைகளையும் அதில் அடைக்கச் சொன்னார்.

“பொடி ஓட்டைதானேம்மா, யாருக்குத் தெரியப் போகுது?”

“பெட்டிக்குத் தெரியும் சார். வேணும்னா எல்லாத்தையும் சேத்து ஒரே சல்லடையா வைக்கிறேன். அடைக்க மாட்டேன்.”

வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இதோ, மறுபடி கூப்பிடுகிறார். காத்திருக்கட்டும். அம்மா போனில் “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று முடித்துவிடுகிறாள். குழம்பில் உப்பு கூடியது, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் சொல்லச் சொல்லுங்கள். எனக்கும் காற்று அந்தப் பொடித் துளைகள் வழியாகத்தான் வருகிறது.

உங்கள் மகள்