பீன்ஸ் கம்பில் கட்டிய லைன்

பிப்ரவரி 24, திங்கள்

காலை ஆன்லைன் மீட்டிங்கில் என் முறை வந்ததும் லைன் போய்விட்டது. நிஜமாகவே. வேனுக்குள் ஒரே ஒரு சிக்னல் கோடு. நான் மூச்சு விட்டால் அதுவும் மறைகிறது. "லைன் சரியில்லை, எழுதி அனுப்புகிறேன்" என்று தட்டினேன். மேலாளர் நாடியா சரி என்றார். பினாங்குத் தமிழர்தான், ஆனால் மீட்டிங்கில் மலாய் மட்டும்.

உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். பதினோரு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டாம்.

ஆனால் சோதனைக் காலம் ஏப்ரலில் முடிகிறது. தலைநகர் கே.எல். இன்சூரன்ஸ் கம்பெனியின் இந்த வேலை நிரந்தரமாகாவிட்டால், ஈப்போவில் கூடப்பிறந்த அக்கா வீட்டு ஹாலில்தான் படுக்கை. அப்பா தேயிலை பேக்டரியில் ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அம்மாவும் அப்பாவும் அங்கேதான். இந்த மலையூர் பிரிஞ்சாங்கில் அறையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. அதனால்தான் இந்தப் பழைய காய்கறி வேன். மெத்தை போட்டும் கோஸ் வாசனை போகவில்லை.

பிப்ரவரி 26

மீரான் பாய் கடை வைஃபையில் நான்கு மணி நேரம், ஒரே ஒரு தே தாரிக். "ஏம்மா, டீ ஐஸாயிடுச்சு. சூடு பண்ணித் தரவா?" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. அவசரமாக ஒரு ரொட்டி சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. பாய் கடை இனி மாலையில்தான் திறக்கும். இதை எப்படி மறந்தேன்? வீட்டிலேயே முதல் பட்டதாரியாம்!

வேனிலிருந்தே மீட்டிங். "லைன் சரியில்லை."

மார்ச் 6

நேற்று வாங்கிய சிம்மில் "அளவில்லா டேட்டா" என்று பெரிதாகப் போட்டிருந்தது. அளவில்லாதது போனுக்கு மட்டுமாம். லேப்டாப்புக்குப் பகிர்ந்தால் கொஞ்சம்தான். நான் வெளியே மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தபோது லேப்டாப் தானாக அப்டேட் ஆகி, ஒரு மாதப் பங்கையும் விழுங்கிவிட்டது. எனக்கு முன்னால் அது சாப்பிட்டு முடித்துவிட்டது.

மார்ச் 9

பக்கத்து ஊர் திரிங்காப்பில் சாலையில் ஒரு வளைவு. காய்கறி லோரிகள் எல்லாம் அங்கே வந்ததும் நிற்கின்றன. எல்லாரும் போனில் கத்துகிறார்கள். மூன்று நாளாகக் கவனிக்கிறேன். யாரிடமாவது கேட்க வேண்டும். ஒரே வாக்கியத்தை இருபது நிமிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வேனிலேயே இருந்தேன்.

கண்ணாடியைத் தட்டியது ஒரு பெண். ரஞ்சிதம் அக்கா, காய்கறி வியாபாரி.

"என்னம்மா, மூணு நாளா வேவு பாக்கறே? லஞ்ச ஒழிப்பா?"

"இல்லக்கா... லைன்... இங்க நல்லா வருதா?"

"இங்க வரலன்னா கே.எல். மார்க்கெட்காரன் என் கோஸை எப்படி எடுப்பான்? ஆனா வண்டிக்குள்ள வெச்சா வராது. சுத்தித் தகரம்லா. வெளிய தூக்கிக் கட்டணும்."

அவர் கொட்டகைப் பக்கத்திலேயே வேனைப் போட்டுக்கொள்ளலாம். வாடகை வேண்டாம். அவர் லைன் போனால் என் லைனைத் தர வேண்டும் — அதுதான் பேச்சு.

மார்ச் 15

தானா ராத்தா டவுனில் ஒரு பழைய மோடம் கிடைத்தது. மோடத்துக்கென்றே உள்ள மாதத் திட்டம், கையைக் கடிக்கவில்லை. அக்காவின் சிம்முக்கு வேறு கம்பெனியாகப் பார்த்து எடுத்தேன். கரண்ட் வேன் பேட்டரியிலிருந்து. பீன்ஸ் படர நடுவதற்கென்று அக்கா வைத்திருந்த நீளமான பீன்ஸ் கம்பின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கம்பை வேன் கூரையில் நிறுத்தி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன்.

நான்கு கோடு! வீடியோ ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"கொடி ஏத்திட்டியா? எல்லாரும் எந்திரிச்சு நிக்கணுமா?" என்றார் அக்கா.

மார்ச் 17, திங்கள்

நான்கு கோடு. "லைன் சரியில்லை" என்று தட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

மறுபடியும். ஏன் இப்படிச் செய்கிறேன்?

நாடியா தனியாக எழுதியிருந்தார்: உங்கள் அட்டவணைகள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. ஏப்ரல் 21-க்குள் ஒரு முறையாவது நீங்களே அவற்றை மீட்டிங்கில் விளக்கினால்தான் நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்க முடியும்.

ஏப்ரல் 20

கொட்டகையில் நாற்பது கோஸ்களுக்கு முன்னால் நின்று விளக்கிப் பார்த்தேன். யாரும் குறுக்கே கேள்வி கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

விடிய விடிய மழை. மரம் விழுந்து, அக்காவின் சிம் கம்பெனி டவருக்குக் கரண்ட் இல்லை. என் மோடத்தில் நான்கு கோடு.

வருகை சொல்ல மைக்கைத் திறந்து, இருக்கிறேன் என்பதற்கு மலாயில் "அடா" என்றேன். பழகிய விரல், நான் தடுப்பதற்குள், "லைன் சரியில்லை" என்று தட்டி அனுப்பியும்விட்டது. அதே நொடி வேன் கதவு சர்ரென்று திறந்தது. மழைச் சட்டையோடு அக்கா, என் வைஃபையில் யாரிடமோ பேசிக்கொண்டே ஏறினார்.

"இல்லண்ணே, என் லைன் செத்துப் போச்சு! இது பக்கத்து வண்டிப் பொண்ணு லைன்! கண்ணாடி மாதிரி இருக்குலா! கோஸ் முப்பது கூடை, ஒண்ணு அழுகியிருந்தாலும் என் பேரை மாத்திக்கறேன்!"

மைக் திறந்தே இருந்தது.

யாரோ சிரித்தார்கள். நாடியா முதல் முறையாகத் தமிழில் பேசினார்: "கங்கா, உங்க லைன்ல கோஸ் வியாபாரமே கேக்குது. கண்ணாடி மாதிரிதான் இருக்கு. ஆரம்பிங்க."

ஓட இடமில்லை. வேனின் அகலமே ஆறடி; அதில் பாதி அக்கா. அவர் போனை அணைத்து, வாயைப் பொத்திக்கொண்டு மூலையிலிருந்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். முதல் இரண்டு வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவதில் குரல் வந்தது. கோஸ்களிடம் சொன்னதையே சொன்னேன். ஒன்பது நிமிடம். இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் தெரிந்திருந்தது!

"எனக்கு ஒண்ணும் புரியலைலா. ஆனா நீ சொன்னா நான் இன்சூரன்ஸ் எடுப்பேன்," என்றார் அக்கா.

பிறகு நாடியாவுக்கு எழுதினேன்: ஒரு மாதமாக லைன் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொன்னேன், மன்னியுங்கள்.

பதில்: "தெரியும். லைன் இல்லாதவர் எழுதியது மட்டும் எப்படி உடனே வந்து சேர்கிறது என்று யோசித்தேன்."

ஏப்ரல் 30

நிரந்தரம். அம்மா: "அப்ப வீடு பாக்கறியா?" நான்: "வேன் ஜன்னலுக்குத் திரைத்துணி பாக்கறேம்மா."

மே 19, திங்கள்

நான் பேசிக்கொண்டிருந்தபோது லைன் போய்விட்டது. நிஜமாகவே. காற்றில் பீன்ஸ் கம்பு சாய்ந்துவிட்டது.

செருப்பைக்கூடப் போடாமல் வேன் கூரையில் ஏறினேன். ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்த கம்பு, ஒரு கையில் போன். மீட்டிங்கில் மறுபடி சேர்ந்து, "மன்னிக்கவும், விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்" என்றேன்.

கீழேயிருந்து அக்கா ஏதோ கத்தினார். கொஞ்சம் பொறுங்கள் என்று காலால் சைகை காட்டினேன். இன்னும் இரண்டு அட்டவணை பாக்கி இருந்தது.