அப்பாவின் ரிவால்வர் உறை

அண்ணா,

பெட்டி வந்தது. மேலே முகவரி அண்ணியின் கையெழுத்தில் இருந்தது.

போலீஸ்காரரான அப்பாவின் ரிவால்வர் எனக்கு, அதன் தோல் உறை உனக்கு என்று அவரைப் புதைத்த அன்று நீதான் பிரித்தாய். நான் மறக்கவில்லை; உறையை எத்தனை முறை கேட்டும் நீ தரவில்லை. அதன்பின் பழைய போலீஸ் ரிவால்வர்களையும் உறைகளையும் தேடித் தேடிச் சேர்த்தேன். எந்த உறையிலும் அப்பாவுடையது சரியாக உட்காரவில்லை. வருடக்கணக்காக இடுப்பில் கிடந்த தோல், தன் துப்பாக்கியின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. டேட்டன் நகரத் துப்பாக்கிக் கண்காட்சியில் கடை போடும் ஆர்வில் என்பவன் கேலி செய்வான்: "என்னய்யா, இந்த வருஷமும் உன் துப்பாக்கி அம்மணமாத்தான் வந்திருக்கா?"

இன்று பெட்டியில் வந்த உன் உறையில் அதை வைத்தேன். கச்சிதமாக இறங்கியது. சந்தோஷம்தான் வரவில்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். "டாக்டர் கைவிரிச்சுட்டாரு. இவரு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா குடுத்துட்டிருக்காரு. உங்களுக்கான உறையைத்தான் முதல்ல அனுப்பச் சொன்னாரு" என்றார்.

எனக்கு வேண்டாம். சனிக்கிழமை நானே கொண்டுவந்து உன் கட்டிலருகே வைக்கிறேன். "தரமாட்டேன், போடா" என்று பழையபடி சொல். நான் கோபித்துக்கொண்டு போய், அடுத்த மாதமும் வந்து கேட்கிறேன்.

உன் தம்பி