பாரம் ஏறின பிறகு முறுக்கணும்

3 மார்ச் 2025, திங்கள்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் பிரேமினி எழுதுகிறாள். சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும். நான் சொன்னதை எல்லாம் சொல்லவே இல்லை என்று இந்த வீட்டில் சாதிக்கிறார்கள். அதற்குத்தான் இந்தக் கொப்பி.

இன்று என் பெஞ்சாதி ராக்காயியை நுவரெலியா கிளினிக்குக் கொண்டுபோய் வந்தோம். தை மாதம் விறகுக்குப் போய் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆணி வைத்த பொம்பளை. மகன் ஜெயகாந்தனின் வேனில் பின்சீட்டில் படுக்க வைத்தோம். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் வேன் ஒரு தரம் விழுந்து மூன்று தரம் குதித்தது. என் தோள் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தாள். இருபத்துநாலாம் திகதி மறுபடி வர வேண்டுமாம்; வராவிட்டால் நடை வராதாம்.

"இனி என்னையக் கூட்டிப் போகாதீங்க. நொண்டியாவே கெடந்துட்டுப் போறேன்" என்கிறாள்.

5 மார்ச்

வேனின் பின் ஷொக் அப்சோபர் இரண்டும் செத்துவிட்டன. எண்ணெய் ஒழுகிக் காய்ந்து கிடக்கிறது. பின்பக்கத்தை அமுக்கி விட்டால் ஒரு ஆட்டத்தில் நிற்க வேண்டும்; இது தொட்டில் மாதிரி ஆடுகிறது. மகனிடம் சொன்னேன்.

"ரோடே கெட்டுக் கெடக்கு, ஷொக்க மாத்தி என்னாப்பா பண்றது? சீசன் முடியட்டும்."

சீசன்! நானுஓயா ஸ்டேஷனில் இறங்குகிற வெள்ளைக்காரனுக்கு உள்ளே நீல லைட்டு, நாலு ஸ்பீக்கர். பெத்தவ இடுப்புக்கு ஒன்னுமில்ல. — பிரேமினி பேனாவை நிறுத்திவிட்டாள். புருஷனாம். எழுது புள்ள.

6 மார்ச்

அவனோடு பேச்சில்லை.

9 மார்ச், ஞாயிறு

அவன் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். ஃபெக்டரி லொறிக்கு அடியில் இருபத்திரண்டு வருஷம் படுத்துக் கிடந்தவன் நான்; யாரைக் கேட்க வேண்டும்? நட்டுகளுக்கு நேற்றே மண்ணெண்ணெய் விட்டிருந்தேன். முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, மரக்கட்டை கொடுத்து, பழையதைக் கழற்றினேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு தலவாக்கலைக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்பெயார் பார்ட்ஸ் கடை அலியார், "நம்பர் என்னாங்க ஐயா?" என்றார்.

"நம்பர் வாசிக்கத் தெரிஞ்சா இத ஏன் தூக்கிட்டு வாறேன், அலியார் நானா? வச்சு அளந்து பாருங்க."

அளந்து இரண்டு கொடுத்தார். பொழுது சாய்வதற்குள், வேன் ஜக்கில் நிற்கும்போதே பூட்டினேன். கோபத்தோடு முறுக்கினேன், ஸ்பானரே முனகியது.

திரும்பி வந்தவன், "யாரக் கேட்டு வேன்ல கை வச்சீங்க?" என்று கத்தினான்.

ஒங்கம்மாவக் கேட்டுடா! — அவனிடம் சொல்லவில்லை, இங்கேதான் எழுதச் சொன்னேன்.

12 மார்ச்

வேன் பின்னால் கிறீச் கிறீச் என்கிறது. குனிந்து பார்த்தேன். புதுஷொக்கின் நுனியில் இருக்கிற ரப்பர் வளையம், புஷ், முறுகிக் கிழிந்திருக்கிறது. அவன் என்னிடம் பேசவில்லை, பிரேமினியிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "ஒங்க மாமா கைவேல எப்பிடி?" என்றான்.

எழுபத்தொன்பதில், லொறி டிரைவர் முத்துலிங்கம் இதே பிழைக்கு என் மண்டையில் ஸ்பானரால் தட்டினார். "பாரம் ஏறின பொறகு முறுக்குடா!" சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிப் போகும். பத்துக் கொழுந்துக்காரிகளை லொறியில் ஏற்றிவிட்டுத்தான் கடைசி முறுக்கு முறுக்கச் சொல்வார். அவர் அன்று கட்டியிருந்த சாரத்தின் கட்டம்கூட ஞாபகம் இருக்கிறது. வேலை மட்டும் மறந்துபோச்சே? மறக்கவில்லை. கோபம் மறைத்துவிட்டது. என் மண்டையில் நானே தட்டிக்கொள்ள வேண்டும்.

16 மார்ச், ஞாயிறு

புதுப் புஷ் போட்டேன். நட்டுகளைத் தொட்டும் தொடாமலும் விட்டு, வேனை இறக்கினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டேன். ஏழு பேர் ஏறினார்கள்.

"எங்க ஹயர் போறோம் மாமா? கதிர்காமமா?" என்றான் பக்கத்து வீட்டு நல்லமுத்து.

"வாய மூடிக்கிட்டு ஒக்காரு. எனக்கு ஒன் கனந்தான் வேணும்."

அடியில் போய்ப் படுத்தேன். ராக்காயி படுக்கிற பின்சீட்டில் மட்டும் ஆளில்லை. யாரோ வந்து தொப்பென்று உட்கார்ந்தார்கள். வேன் ஒரு விரல் இறங்கியது.

"போதுமாப்பா?"

ஜெயகாந்தன்.

"ஆடாம இருடா."

பத்து நாளில் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். நாலு நட்டையும் முறுக்கினேன்.

24 மார்ச், திங்கள்

வர மாட்டேன் என்றவளைத் தூக்கித்தான் ஏற்றினோம். துண்டைக் கேட்டு வாங்கி முதலிலேயே வாயில் வைத்துக்கொண்டாள். நானுஓயா தாண்டியதும் அதை எடுத்துவிட்டு, "குழி ரோடு இன்னும் வரலியா?" என்றாள். குழி ரோட்டை எப்போதோ தாண்டியிருந்தோம். மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

ரோட்டைப் போடாதவன்கள் மேல் எனக்கு இன்னும் கோபந்தான். அதையும் எழுது.

திரும்பும்போது ராக்காயி, "தம்பி, அந்தப் பாட்டுப் பெட்டியப் போடுறா" என்றாள். நாலு ஸ்பீக்கரும் லயம் வரைக்கும் கத்தின. நான் துண்டை மடித்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.