உதவியே கிடைக்காதவன்

பக்காவ்
மார்ச் 9

அன்பு மகள் வியோரிகாவுக்கு,

என் இடுப்பைத் தவிர இங்கே எல்லாரும் நலம். இத்தாலியில், பொலோனியாவில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். உன் தம்பி டோரின் ஜெயிலிலிருந்து வந்ததும் பல்கலைக்கழகத்து ஆட்கள் சீட்டுக் குலுக்கினார்கள் அல்லவா, வெளியே வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேலையும் தங்க இடமும், மீதிப் பேருக்கு மாதம் ஒருமுறை வெறும் கேள்வி. நம் டோரினுக்கு விழுந்தது கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமாம். இரண்டு வருஷம் முடிந்ததும் இவர்களுக்கும் உதவி உண்டு என்றார்கள், அதை நம்பித்தான் இடுப்பு ஆபரேஷனுக்கு நாள் வாங்கினேன்.

கேள்வி கேட்க ஹொரியா என்று ஒரு துரை வருவார். வந்தவரைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் நமக்கு ஏது? நான் சமைத்ததை மூன்றாம் தடவை வாங்கித் தின்றுகொண்டே, டோரினுக்கு உதவி எதுவும் இல்லை என்று எழுதிக்கொள்வார். அவனுக்கு வேலை கேட்டு டயர் கடைக்காரரிடம் பதினொரு நாள் நடந்தேன். திருடுனவன் கையில சாவியக் குடுக்கச் சொல்றியாக்கா என்றார். அவன் சேர்ந்த முதல் மாதம் முழுக்க நானே அங்கே காவலுக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு பேட்டரி காணோம் என்றாலும் போலீஸ் நம் கதவைத்தான் தட்டும், அவன் வீட்டில்தான் இருந்தான் என்பதற்கு நான்தான் சாட்சி. டோரினும் உதவி இல்லை என்றே சொல்லியிருக்கிறான். ஏண்டா என்றேன். ஆபீஸ் உதவியத்தானேம்மா கேட்டாங்க, நீ அதுல வருவியா என்கிறான், மடையன்.

இப்போது முடிவு வந்துவிட்டது. உதவி கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே அளவில்தான் திரும்ப ஜெயிலுக்குப் போனார்களாம். ஆகவே உதவி வீணாம், உதவி கொடுத்த மையத்தையே மூடுகிறார்கள், நமக்குச் சொன்னதும் போச்சு. உங்க பையன் யார் ஒத்தாசையும் இல்லாம நிமிந்துட்டான்மா என்று துரைக்குப் பூரிப்பு வேறு. படித்த மண்டை! கேள்வி மட்டும் விழுந்த மற்றவர்களுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

போன வாரம் அவனுடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் காரோடு வாசலில் நின்றார்கள். நான் போய் நின்ற பிறகுதான் நகர்ந்தார்கள். ஆறு வாரம் நான் படுத்துவிட்டால் யார் போய் நிற்பது? உனக்கும் அத்தனை நாள் லீவு தரமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் என் ஆபரேஷன் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேவமாதா உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. போனில் டோரினிடம் உளறிவிடாதே, டாக்டர்தான் தேதியைத் தள்ளிவைத்தார் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா,
ஸ்மரண்டா